அஸ்தமன ஒதுக்கீடு

வாடிமுனையில் சூரியன் கடலில் விழுவதில்லை. கிழக்குக் கரையில் எந்த ஊரிலும் விழுவதில்லை. காலையில் கடலுக்குள்ளிருந்து எழும்பி, பகல் முழுக்க ஊரை வறுத்தெடுத்துவிட்டு, பின்னேரம் நாவிதன்வெளி வயல்களுக்கு அந்தப் பக்கம் போய் இறங்கும். இது ஊரில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும். பிரதேச சபைத் தவிசாளர் முகைதீன்பாவாவுக்கும் தெரியும். அவரும் அந்த ஊரில் பிறந்து அந்த வெயிலில் மாடு பத்தி வளர்ந்தவர்தான். அப்படிப்பட்டவர் வாடிமுனைக் கடற்கரையில் "சூரிய அஸ்தமனக் காட்சி மேடை" என்று ஒன்றைக் கட்டினார் என்றால் அதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அறியாமை என்றால் யாராவது சொல்லித் திருத்தியிருக்கலாமே!

நடந்தது என்னவென்றால், அது மேற்குக் கரையில் வேறு ஏதோ ஓர் ஊருக்கென்று வந்த திட்டம். அங்கே காணிப் பிரச்சினை. வருஷம் முடிவதற்குள் காசைச் செலவழிக்காவிட்டால் திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும். கொழும்பில் ஒரு புண்ணியவான், வெள்ளைக்காரர் வந்து போகிற கரையோர ஊர் வேறு ஏதும் இருக்கிறதா என்று தேடி, வாடிமுனையில் விரலை வைத்துவிட்டார். இங்கே அலையில் பலகை வைத்துச் சறுக்குவதற்கு வெள்ளைக்காரர் வருவது உண்மைதான்.

சபைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழும்பிக் கேட்டார். "தவிசாளர் அவர்களே, இஞ்ச கடலுக்க சூரியன் உதிக்கிறதுதானே? மறையிறது வயலுக்கல்லவா?"

"சூரியன் எங்க படுதெண்டு எனக்குத் தெரியாதா?" என்றார் முகைதீன்பாவா. "பேர மாத்தினா காசு திரும்பிப் போயிடும். ஒங்களுக்கு மேடை வேணுமா, வேணாமா? அதச் சொல்லுங்க."

வந்த மேடையை வேண்டாம் என்று சொல்ல எந்த உறுப்பினருக்கு மனம் வரும்? ஏகமனதாக நிறைவேறியது.

திட்டத்தில் இரண்டு நிபந்தனை. மேடை கடற்கரையில் இருக்க வேண்டும். அதில் இருந்து பார்த்தால் அஸ்தமனம் தெரிய வேண்டும். வேறு ஊர் என்றால் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். வாடிமுனைச் சபை இரண்டையும் அச்சொட்டாக நிறைவேற்றியது. கடற்கரை மணலில் ஒரு மாடி உயரத்துக்குத் தூண் எழுப்பி, தளம் போட்டு, மாபிள் பதித்து, சீமெந்து இருக்கைகளை மேற்கே திருப்பி வைத்தார்கள். வெள்ளைக்காரன் கடல் தாண்டிப் பறந்து வந்து, அந்தக் கடலுக்கே முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடைக்காரி நாச்சியாவின் வளவைப் பார்த்தபடி உட்கார வேண்டும்.

இதில் இன்னொரு கூத்து. சூரியன் மறைவதென்றால் அது மஃரிப் நேரம். ஊரில் கடையெல்லாம் இழுத்து மூடி ஆம்பிளைகள் பள்ளிக்குப் போகிற நேரம். அந்த நேரத்தில் மேடையில் ஆணும் பெண்ணுமாகக் கூடி நிற்பது அழகில்லை என்று பள்ளிவாசல் நிர்வாகம் சொன்னது. சபையும் ஓம் என்று தலையாட்டி, மஃரிப் பாங்குக்கு முந்தியே மேடையின் கேற்றைப் பூட்டிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. காவலாளி காலிதீன் தொழுகையை விடாத மனுசன். சூரியன் வயலைத் தொடப் போகிற நேரம் பார்த்து விசில் ஊதி, எல்லாரையும் இறக்கி, பூட்டைப் போட்டுவிட்டு உளூ எடுத்துத் தொழப் போய்விடுவான். ஆக, அந்த அஸ்தமன மேடையில் நின்று அஸ்தமனத்தைப் பார்த்தவர் என்று ஒரு மனிதப் பிறவி இல்லை.

நாச்சியாவுக்கு இதெல்லாம் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. வளவின் முன்பக்கம் தகரக் கொட்டில் ஒன்றில் அவள் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். காலையில் இடியப்பமும் மீனாணமும், பின்னேரம் ரொட்டியும் பிளேன்ரீயும். மேடையில் இருந்து இறங்குகிறவர்கள் நேரே அவளிடம்தான் வருவார்கள். சிங்களப் பயணிகளோடு கதைத்துக் கதைத்துக் கடைச் சிங்களம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. புருஷன் மர்சூக் கரைவலைத் தண்டையல். ஒரு தோணிக்கும் வலை இழுக்கிற கூட்டத்துக்கும் தலைவன். கடலில் குரல் எடுத்தால் அடுத்த கரைக்குக் கேட்கும், வீட்டில் வாய் திறந்தால் அடுத்த அறைக்குக் கேட்காது.

இவர்களுக்கு ஒரே மகள் றுமைஸா. அவளுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. பர்ஹான் என்று பெயர், டோஹாவில் வேலை. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் முதலில் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள்தான் கட்டி, அவள் பெயரில் எழுத வேண்டும். வீடில்லாமல் நிக்காஹ் இல்லை. நாச்சியா இடியப்பம் பிழிந்து பிழிந்தும், மர்சூக் வலை இழுத்து இழுத்தும் வளவின் நடுவே மகளுக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள். கூரை ஒன்றுதான் பாக்கி. மரமும் கூரைச் சீற்றும் வாங்கிப் பின்வளவில் அடுக்கி வைத்தாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு பர்ஹான் லீவில் வருகிறான். அவன் வர, கூரை ஏற, கலியாணம்.

அப்போதுதான் சபைச் செயலாளர் பதியுதீன் மோட்டார் சைக்கிளில் வந்து வேலையை நிறுத்தச் சொன்னார்.

"என்னத்துக்கு சேர்? பிளான் பாஸ் பண்ணித்தானே தந்தயள்?" என்றாள் நாச்சியா.

"பாஸ் பண்ணினதுதான் ராத்தா. அதுக்குப் புறகு சபையில ஒரு ஒதுக்கீடு போட்டிரிக்கி." பதியுதீன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கதைத்தார். "மேடைக்கும் சூரியனுக்கும் நடுவில நிரந்தரக் கூரை வரப்படாது. ரோட்டுக்கு ஒதுக்கீடு, வாய்க்காலுக்கு ஒதுக்கீடு எண்டு இரிக்கிதானே, அதே மாதிரி இது அஸ்தமன ஒதுக்கீடு. ஒங்கட முகடு ஏறினா சூரியன் அதுக்குப் புறத்தால போயிடும்."

நாச்சியா கையில் இருந்த அகப்பையைக் கீழே வைக்கவில்லை. அதோடே சபைக்குப் போனாள்.

முகைதீன்பாவா அவளுக்குத் தூரத்துச் சொந்தம். அந்த மரியாதைக்குக் கதிரை போட்டு உட்காரவைத்தார். அவள் உட்காரவில்லை.

"பாவா காக்கா, அந்த மேடைய மஃரிபுக்கு முந்தியே பூட்டுறயள். பூட்டின மேடையில இருந்து சூரியன் மறையிறத யாரு பாக்குற? ஜின்னா?"

"தங்கச்சி, மேடையப் பூட்டுறது நிர்வாக விசயம். இது திட்டமிடல் விசயம். ரெண்டையும் போட்டுக் குழப்பப்படாது."

"என்ட மகளுக்குக் கலியாணம் காக்கா."

"மாஷா அல்லாஹ். எனக்கும் சொல்லணும், நான் வருவன்." அவர் உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார். அவர் கெட்ட மனிதரில்லை, அதுதான் தொல்லை. கெட்டவர் என்றால் ஏசிவிட்டு வரலாம். "நிரந்தரக் கூரை போடப்படாது எண்டுதான் தீர்மானம். தற்காலிகக் கூரை போடலாமே! பகலைக்குப் போடுங்க, பின்னேரம் அஸருக்குப் புறகு கழட்டுங்க, மஃரிப் முடிய மறுகாப் போடுங்க. நான் ஒங்களுக்காகச் சபையில கதைச்சு எடுத்துத் தாறன்."

அறையில் இருந்த எழுதுவினைஞர், பியோன், பதியுதீன் எல்லாரும் நல்ல முடிவு, நல்ல முடிவு என்று தலையாட்டினார்கள். தனக்குப் பைத்தியமா, இவர்களுக்குப் பைத்தியமா என்று நாச்சியாவுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.

"சரி. கழட்டுறன்," என்றாள். அது சம்மதமில்லை, கோபம். ஆனால் சபையில் சம்மதம் என்று பதிந்தாகிவிட்டது.

மர்சூக் நீலப் படங்கு ஒன்றைக் கொண்டுவந்தான். லொறிக்கு மூடுகிற பெரிய படங்கு. ஒவ்வொரு நாளும் ஏணி வைத்து ஏறி இறங்கினால் இடுப்பு முறியும் என்று, தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். நாலு மூலைக்கும் கயிறு கட்டி, வளவில் நின்ற தென்னைகளில் கப்பி பூட்டி, கரைவலையை இழுப்பது போலவே இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி இழுக்க வைத்தான். அஸர் தொழுதுவிட்டு அவனுடைய வலைகாரர் கூட்டம் வளவுக்கு வரும். மர்சூக் குரல் கொடுப்பான். இரண்டு வரிசையும் அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் பின்னால் சரிந்து இழுக்க, படங்கு வீட்டை விட்டு மெதுவாகக் கிளம்பி, கச்சான் காற்றில் ஒருதரம் ஊதிப் பெருத்து, சொத்தென்று மணலில் விழும். வீடு மொட்டையாகும். மஃரிப் தொழுதுவிட்டு வந்து திரும்ப ஏற்றுவார்கள். மீன்பாடு இல்லாத நாளிலும் இந்தப் பாடு தப்பாது.

"உம்மா, எங்கட வீட்டுக்கு நாங்க முக்காடு போட்டு முக்காடு கழட்டுறம்," என்று றுமைஸா சிரித்தாள். சிரிக்கக்கூடிய பிள்ளைதான். ஆனால் இரவில் அவள் தைத்து வைத்த திரைச்சீலைகளை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைப்பதை நாச்சியா கண்டிருக்கிறாள்.

இந்த நிலையில் மாப்பிள்ளையின் உம்மா ஷாஹினா வீடு பார்க்க வந்தாள். காலையில் வருவதாகச் சொன்னவள் கலியாண வீடொன்றில் தாமதித்துப் பின்னேரம் வந்தாள். அல்லாஹ்வே, அந்த நேரமா வரவேண்டும்! நாச்சியா ஹோலில் புதுக் கதிரை போட்டு, வட்டிலப்பமும் தேத்தண்ணியும் வைத்து, அறை அறையாகக் காட்டினாள். ஷாஹினாவுக்கு எல்லாம் பிடித்திருந்தது. குசினி பிடித்தது, ஜன்னல் பிடித்தது, "கூரைய மட்டும் போட்டிட்டா முடிஞ்சிது" என்று மேலே பார்த்து நிம்மதியாக முதல் கரண்டி வட்டிலப்பத்தை வாயில் வைத்தாள்.

வெளியே அஸர் முடிந்து கூட்டம் வந்திருந்தது. சம்மந்தி உள்ளே இருக்கிறார் என்று மர்சூக்குக்குத் தெரியாது. அவன் நேரே பள்ளியில் இருந்து கயிற்றடிக்கு வந்தவன். குரல் கொடுத்தான்.

ஷாஹினாவின் தலைக்கு மேலே இருந்த நீலம் நகர்ந்து போனது. மேற்கு வெயில் அவள் முகத்தில் பளீரென்று அடித்தது. தென்னை மட்டை ஒன்று காற்றோடு உள்ளே விழுந்தது. எதிரே மேடையில் நின்ற வெள்ளைக்காரரும் சிங்களக் குடும்பங்களும் கை தட்டினார்கள். சிலர் ஷாஹினாவைப் பார்த்துக் கை காட்டினார்கள். அவள் அவசரமாக முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தாள். கரண்டி இன்னும் கையில்தான் இருந்தது.

"என்ன ராத்தா இது?"

நாச்சியா சொன்னாள். ஒதுக்கீட்டைச் சொன்னாள், நிர்வாகத்தையும் திட்டமிடலையும் சொன்னாள். சொல்லச் சொல்ல தனக்கே அது பொய் போலக் கேட்டது.

ஷாஹினா கத்தவில்லை, ஏசவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, றுமைஸாவின் கன்னத்தைத் தடவிவிட்டுச் சொன்னாள். "தங்கமான புள்ள. நான் ஒண்டும் பிழை சொல்லல்ல. ஆனா என்ட மகன் வானத்தப் பாத்துக்கிட்டு குடித்தனம் நடத்த ஏலாது. அவன் பெருநாளைக்கு வாறான். வாறப்ப கூரை இருந்தா இந்த வீடு. இல்லாட்டி, குறை நினையாதீங்க ராத்தா, மருதமுனையில வீடு முடிச்சி வெச்சிரிக்கிற ஆக்கள் கேட்டிக்கிட்டு இரிக்காங்க."

அவள் போன பிறகு றுமைஸா கோப்பைகளைக் கழுவினாள். கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். நாச்சியா மிச்ச வட்டிலப்பத்தை மூடி வைத்தாள். ஏதாவது கேட்டால் இரண்டு பேரும் அழ வேண்டி வரும்.

மறுநாள் காலையிலேயே சபைக்குப் போனாள். இந்த முறை அகப்பை இல்லை. கெஞ்சுவதற்குத்தான் போனாள். ஆனால் முகைதீன்பாவா அவளைக் கண்டதும் எழும்பி வந்து வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க வாங்க! நானே ஒங்கட ஊட்ட வர இருந்த. ஒங்கட படங்கு இறக்குறத யாரோ வெள்ளைக்காரன் வீடியோ எடுத்துப் போட்டு, உலகம் முழுக்கப் பாக்குதாம். எங்கெங்கயோ இருந்து வான் புடிச்சி வாறாங்க. மேடையில இப்ப நிக்க இடமில்ல. டிக்கட் போடச் சபையில தீர்மானம் எடுத்தாச்சி!"

"காக்கா, எனக்குக் கூரை வேணும்."

"கூரையா?" அவர் முகம் விழுந்தது. பச்சைப் பிள்ளையிடம் பலூனைக் கேட்டது போல. "கூரை போட்டா பொறகு எதக் கழட்டுற? ரெண்டாங் கட்டத்துக்குக் காசு வந்திரிக்கி தங்கச்சி. 'பாரம்பரியக் கூரை இறக்கும் நிகழ்வு' எண்டு பேரும் வெச்சாச்சி. அடுத்த கிழமை கொழும்பில இருந்து பிரதம அதிதி வாறார் திறந்து வைக்க. இனி அது ஒங்கட வீடில்ல, ஊருட சொத்து."

"பாரம்பரியமா? நோன்புப் பெருநாளைக்குப் புறகு தொடங்கின சங்கதியல்லவா அது?"

"எல்லாப் பாரம்பரியமும் ஒரு நாளைக்குத் தொடங்கினதுதானே," என்றார் முகைதீன்பாவா, மனமார.

நாச்சியா வீட்டுக்கு வந்தாள். ரொட்டிக்கு மா குழைத்தாள். குழைத்த மாவை அப்படியே விட்டுவிட்டு மர்சூக்கிடம் போய்ச் சொன்னாள்: "நாளைக்குக் கூரை ஏறணும்."

"சபை?"

"சபைய நான் பாக்கிறன். நீங்க ஓடாவியக் கூப்பிடுங்க. கூட்டத்தக் கூப்பிடுங்க. உடைக்கிறெண்டா வந்து உடைக்கட்டும். போட்ட கூரைய ஒடச்சாங்க எண்டு சம்மந்திக்குச் சொல்லலாம். போடவே இல்ல எண்டு எந்த முகத்தோட சொல்லுற?"

மர்சூக் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தச்சுவேலை ஓடாவியைத் தேடிப் போனான்.

விடியக் காலை சுபஹு தொழுத கையோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். அன்றைக்குக் கடலில் வலை போடவில்லை. ஓடாவியும் ஆட்களும் படங்குக்குக் கீழேயே, சுவர் மேல் குந்திக்கொண்டு, தீராந்தி உத்தரங்களை ஏற்றி மரம் அடித்தார்கள். பிறகு படங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கித் தூக்கி, அடியில் சீற்றைச் செருகி ஆணி அறைந்தார்கள். மேடையில் இருந்து பார்த்தால் எப்போதும் போல நீலப் படங்குதான். தட்டுகிற சத்தம் கேட்டு காலிதீன் எட்டிப் பார்த்தான். "அலுமாரி அடிக்கிற," என்றாள் நாச்சியா. "பெரிய அலுமாரி போல," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அவனும் ஒரு பெண் பிள்ளையைப் பெற்றவன்.

பின்னேரம் காற்று பலம் என்று சொல்லிப் படங்கை இறக்காமல் விடுவது என்பதுதான் நாச்சியாவின் திட்டம். ஒரு நாள், இரண்டு நாள் அப்படிச் சமாளித்தால் பர்ஹான் வந்துவிடுவான்.

மத்தியானம் ளுஹர் நேரம் பதியுதீன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். பிரதம அதிதிக்கு அடுத்த கிழமை வெளிநாட்டுப் பயணமாம். இன்றைக்கே வருகிறாராம். அஸருக்கு எல்லாம் தயாராக இருக்க வேண்டுமாம். வாசலில் சொல்லிவிட்டு உள்ளே பார்க்காமலே போய்விட்டார்.

அப்போது கூரையில் ஒரு பக்கம் முடிந்திருந்தது. மர்சூக் கையில் எடுத்த ஆணியை அடிக்காமல் கீழே பார்த்தான். "இஞ்ச பாரு, நிப்பாட்டுவமா?"

நாச்சியாவுக்கும் பயம்தான், வேறொன்றுமில்லை. சபை வரும், பொலிஸ் வரும், ஊர் முன்னால் மானம் போகும். ஆனால் மேலே பார்த்தால் ஒரு பக்கம் கூரை, ஒரு பக்கம் வானம். "பாதிக் கூரையோட யாரு வீட்ட வைக்கிற? அடியுங்க," என்றாள்.

அஸருக்குப் பிறகு ஊரே திரண்டுவிட்டது. பொல்லடிக்காரர் கோலை அடித்துக்கொண்டு முன்னால் வர, ஜீப்பில் இருந்து பிரதம அதிதி இறங்கினார். வெள்ளை உடுப்பு, பெரிய உடம்பு, களைத்துப்போன சிரிப்பு. அன்றைக்குக் காலையில் இருந்து ஒரு பாலமும் ஒரு சந்தையும் இரண்டு மலசலகூடமும் திறந்துவிட்டு வருகிறாராம். சிங்களம்தான் கதைப்பார், முகைதீன்பாவா தமிழில் எடுத்துச் சொல்வார். மேடையில் கழுத்து முறிய மாலை போட்டார்கள். தட்டத்தில் றிபனும் கத்தரிக்கோலும் தயாராக இருந்தன. புது டிக்கட் கவுண்டரைத் திறக்க வேண்டும். அதற்கு முன் நிகழ்வைப் பார்க்க வேண்டும்.

முகைதீன்பாவா மேடையில் நின்று கையை உயர்த்தினார். வளவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டம் அசையவில்லை. எல்லாரும் நாச்சியாவைப் பார்த்தார்கள்.

"என்ன மர்சூக், இழுங்களன்!" என்று கத்தினார் தவிசாளர்.

காற்று பலம் என்று சொல்ல வேண்டிய நேரம் அது. பாழாய்ப்போன காற்று, அன்று பார்த்து ஓர் இலை கூட ஆடவில்லை. நாச்சியா புருஷனைப் பார்த்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவளுக்குப் பயம் கூடக் கொஞ்சம் விட்டது. "இழுங்க," என்றாள்.

அம்பாப் பாட்டு எழுந்தது. படங்கு சரிந்து, வழுக்கி, மணலில் விழுந்தது. உள்ளே மொட்டைச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில், புத்தம் புதுக் கூரை, முகடும் சரிவுமாக முழுசாக நின்றது. சூரியன் அதற்குப் பின்னால் போய்விட்டது. மேடை முழுக்க நிழல்.

முகைதீன்பாவாவின் முகத்தில் இரத்தம் இறங்கி ஏறியது. பதியுதீன் தட்டத்தை ஏந்தியபடி கண்ணை மூடிக்கொண்டார். பிரதம அதிதி மட்டும், இதுதான் நிகழ்வு போல என்று எண்ணிப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாச்சியா நடந்தாள். ரோட்டைத் தாண்டி, மேடைப் படியில் ஏறி, பதியுதீனின் கையில் இருந்த தட்டத்தை வாங்கினாள். அவரும் கொடுத்துவிட்டார், கொடுக்காமல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் பெரிய மனிதர்கள் வந்து போவதை அவள் கடையில் இருந்தபடி எத்தனை தரம் பார்த்திருக்கிறாள். கத்தரிக்கோலை நீட்டினால் கை தானாக வரும். எதற்கு என்று கேட்டவரை அவள் கண்டதில்லை.

தட்டத்தை அவர் முன்னால் நீட்டி, தன் கடைச் சிங்களத்தில் சொன்னாள்: "சேர், இது என் மகளின் கலியாண வீடு. கூரை இன்றைக்குத்தான் ஏறினது. உங்கள் கையால் திறந்து வையுங்கள்."

பிரதம அதிதியின் கை தானாக வந்தது.

அவர் இறங்கினார். ரோட்டைத் தாண்டினார். பொல்லடிக்காரர் ஒன்றும் விளங்காமல் அடித்துக்கொண்டே பின்னால் போனார்கள். முகைதீன்பாவா, "சேர், சேர், கவுண்டர் இந்தப் பக்கம்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு ஓடினார். பொல்லடிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கிறது? தட்டத்தில் கிடந்த றிபனை எடுத்து றுமைஸா வாசலுக்குக் குறுக்கே ஒரு பக்கம் பிடிக்க, காலிதீன் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தான். பிரதம அதிதி வெட்டினார். கெமராக்கள் மின்னின. உள்ளே போய் மேலே பார்த்தார். அன்றைக்குத் திறந்ததிலேயே ஓர் ஆள் உண்மையாகக் குடியிருக்கப் போகிற கட்டிடம் இதுதான் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், முகம் மலர்ந்துவிட்டது. வாசலில் நின்று பேசினார். ஒவ்வொரு வசனமாக நிறுத்தி, தமிழில் சொல்லும்படி தவிசாளரைப் பார்த்தார்.

முகைதீன்பாவா சொன்னார். வேறு வழி? "இது... இது மிகவும் அழகான கூரை எண்டு சொல்லுறார்."

ஊர் கை தட்டியது.

"ஒரு ஏழைத் தாயின்ட மகளுக்கு... இப்புடி ஒரு கூரையப் போட்டுக்குடுத்த பிரதேச சபைய... பாராட்டுறாராம்."

இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். வெள்ளைக்காரரும் தட்டினார்கள்.

"இந்தக் கூரைக்கு ஒரு கீறலும் வராமப் பாத்துக்கொள்ளுறது..." முகைதீன்பாவா கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். "தவிசாளர்ர பொறுப்பாம். அடுத்த வருசமும் வந்து பாப்பாராம்."

பிரதம அதிதி அவருடைய முதுகில் தட்டினார். தவிசாளரும் சிரித்தார். படம் பிடிக்கிறார்களே, சிரிக்காமல் முடியுமா? பிரதம அதிதி கையால் திறந்த ஒன்றை இந்த நாட்டில் எந்தச் சபை உடைத்திருக்கிறது? பதியுதீன் அந்த இடத்திலேயே குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அஸ்தமன ஒதுக்கீட்டை அடுத்த கூட்டத்தில் திருத்த வேண்டும் என்று எழுதிக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

ஜீப் போனது. தானும் போகும்போது முகைதீன்பாவா நாச்சியாவின் பக்கத்தில் வந்து நின்றார். ஏசப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"கலியாணம் எப்ப?" என்று கேட்டார்.

"பெருநாளைக்கு அடுத்த வெள்ளிக்கிழம காக்கா. வருவயள்தானே?"

"வராம? நான் போட்டுக்குடுத்த கூரையல்லவா," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் அதை நம்பத் தொடங்கிவிட்டார் போலிருந்தது.

காலிதீன் விசில் ஊதினான். மேடை காலியானது. மஃரிப் பாங்கு கேட்டது. மர்சூக்கும் கூட்டமும் பள்ளிக்குப் போனார்கள். வளவில் ஒரு சத்தமில்லை. நாச்சியா வீட்டுக்குள் போய் ஹோலின் நடுவில் நின்றாள். இத்தனை நாளும் இந்த நேரத்தில் இந்த இடத்தில் நின்றால் தலைக்கு மேலே சிவந்த வானம் இருக்கும், கிளி பறந்து போகும், மேடையில் இருந்து யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது ஒன்றும் தெரியவில்லை. நீட்டிய கை கூட மங்கலாகத்தான் தெரிந்தது. புது மர வாசம் மட்டும் அடித்தது.

றுமைஸா வாசலில் வந்து நின்றாள். "உம்மா? எங்க நிக்கிறீங்க? உள்ளுக்க ஒரே இருட்டு."

"ஓம் மகள்," என்றாள் நாச்சியா. "இருட்டுத்தான்." அகப்பையோடு சபைக்குப் போன அன்று வராத அழுகை, சம்மந்தி எழும்பிப் போன அன்று வராத அழுகை, எல்லாம் இப்போது ஒன்றாக வந்தது. றுமைஸா துழாவிக்கொண்டு வந்து உம்மாவின் கையைப் பிடித்தாள்.

"லைட்டப் போடவா உம்மா?"

"வேணாம். கொஞ்சம் பொறு," என்றாள் நாச்சியா. "இன்னும் கொஞ்ச நேரம் இப்புடியே நிப்பம்."